புதுப்பிப்பு: கேமரா உறைவது ரீசெட்டில் சரியானதா?

இரவுப் படங்களில் ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் கேமரா உறைகிறது, ஃபோகஸும் தடுமாறுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டும் சரியாகிவிட்டன, ஆனால் காரணங்கள் வேறு வேறு.

ஃபோகஸ் மட்டும்தான் ரீசெட்டில் (அமைப்புகளை ஆரம்ப நிலைக்குத் திருப்புவதில்) தீர்ந்தது. ஃபோகஸ் புள்ளி (கேமரா கூர்மையாக்கப் பார்க்கும் இடம்) ஓரத்து இருட்டில் நின்றிருந்தது. செட்டப் மெனுவில் முழு ரீசெட் கொடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிட்டது. பல நிக்கான் டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் இதற்குப் பதிலாகப் பச்சைப் புள்ளியிட்ட இரண்டு பொத்தான்களைச் சேர்த்து 2 நொடிக்கு மேல் அழுத்தலாம். அது மெனுவிலுள்ள எல்லா அமைப்புகளையும் மாற்றாது, நல்ல வசதி.

உறைதல் பழுதே இல்லை! லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் (நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து எடுக்கும் படத்தில் வரும் தேவையற்ற புள்ளிகளைக் குறைக்கும் வசதி) ஆனில் இருந்தால், 30 நொடி ஷாட்டுக்குப் பின் ஷட்டரை மூடி இன்னொரு 30 நொடிக்குக் கருப்புப் படம் எடுத்து, அதிலுள்ள புள்ளிகளை அசலிலிருந்து கழிக்கும். அதுவரை அடுத்த ஷாட் எடுக்க முடியாது. சில மாடல்களில் ரீசெட் செய்தாலும் இது ஆனிலேயே இருக்கும், மெனுவில் போய் நீங்களே அணைக்க வேண்டும்.

பகலிலும் உறைந்தால் மெமரி கார்டைச் சந்தேகியுங்கள். படங்களை நகலெடுத்த பிறகு கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். ரீசெட் படங்களைத் தொடாது, ஃபார்மேட் அழித்துவிடும்.