கண்ணில் கோளாறு, கழுத்தில் வலி: உங்களுக்கும் உண்டா?

பிரிக்பீல்ட்ஸ் கணக்கர்:
வயது 44. 19 வருடமாக இரண்டு திரைகளுக்கு முன்னால்தான் பிழைப்பு. போன வருடம் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில், மாலை நாலு மணியானால் எக்செல் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ள ஆரம்பித்தன. 3-ஐ 8 என்று வாசித்து ஒரு இன்வாய்சைத் தப்பாக அடித்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நெற்றிப்பொட்டில் வலி வேறு. சட்டைப்பையில் எப்போதும் பனடோல்.

கம்ப்யூட்டர் கண்ணைக் கெடுத்துவிட்டது என்று நானே முடிவு கட்டி ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து ப்ரோக்ரெசிவ் போட்டுக் கொடுத்தார்கள். நீல ஒளியைத் தடுக்கும் பூச்சுக்கு மேற்கொண்டு 180 மலேசிய வெள்ளி. (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2023-இல் 17 ஆய்வுகளை அலசிவிட்டு, இந்த வகைக் கண்ணாடி கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று சொன்னதைப் பிறகுதான் படித்தேன். 180 வெள்ளிக்கு எத்தனை வாழையிலைச் சாப்பாடு!)

எழுத்து தெளிந்தது. ஆனால் இரண்டே வாரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. பிரிக்பீல்ட்சில் பார்வையற்றவர்கள் உடம்பு பிடித்துவிடும் கடைகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலை முடிந்து அதில் ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் பிடரியில் கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டு, "தம்பி, புதுசா கண்ணாடி போட்டிருக்கீங்களா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது தாண்டிய ஆபீஸ்காரர்கள் பலர் இதே இடத்தில் முடிச்சோடு வருவார்களாம். மோவாயைத் தூக்கிக்கொண்டே திரையைப் பார்ப்பதுதான் காரணம் என்றார்.

மறுநாள் என்னை நானே கவனித்தேன். ஆமாம், கொக்கு மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறேன். ப்ரோக்ரெசிவில் படிக்கும் பவர் கீழே இருக்கிறது. திரையின் தூரத்துக்கு நடுவில் ஒரு குறுகிய பாதைதான். அதைத் தேடித் தலை தானாகப் பின்னால் சாய்கிறது.

கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடிக்கு அளவு சொல்லும் ஆப்டோமெட்ரிஸ்ட் வேறொருவரிடம் போனேன். அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "திரை எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இருக்கு?" இதுவரை யாருமே கேட்டதில்லை. ஆபீசில் டேப் வைத்து அளந்து 65 என்று அனுப்பினேன். அந்த 65-க்கு மட்டும் தனிக் கண்ணாடி. திரையையும் நாலு விரல்கடை இறக்கி வைத்தேன். கழுத்து விட்டது, தலைவலியும் போயிற்று. கடைசியில் எனக்கு வந்திருந்தது நம் பாட்டிமார் சொல்லும் வெள்ளெழுத்துதான். வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிக்கொண்டே போகிறது. நாற்பதை ஒட்டி அது நமக்குத் தெரிய வருகிறது. கம்ப்யூட்டர் அதை உண்டாக்கவில்லை, காட்டிக் கொடுத்தது. ஆறு மாதம் அதைப் போய்த் திட்டியிருக்கிறேன்.

பாயான் லெப்பாஸ் தம்பி:
அண்ணே, எனக்கு 27-தான், வெள்ளெழுத்து இல்லை. தொழிற்சாலையில் சிப் சோதனை, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், ஏர்கோன் காற்று நேரே முகத்தில். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும், வேடிக்கை என்னவென்றால் தண்ணீராகக் கொட்டவும் செய்யும். மருந்துக்கடையில் சிவப்பு போக்கும் சொட்டு வாங்கி மூன்று வாரம் விட்டேன். விட்டவுடன் வெள்ளை வெளேர். மருந்து இறங்கியதும் முன்னைவிடச் சிவப்பு. மேலாளர் என்னைக் குடிகாரன் என்றே நினைத்திருப்பார்.

கண் மருத்துவர் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். கண் வறண்டால் அது எரிச்சலில் நீரைக் கொட்டுமாம். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவையாவது இமைக்கிற நாம், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை என்றார். கெடாமல் இருக்கச் சேர்க்கும் பிரிசர்வேடிவ் கலக்காத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, ராத்திரி இமைமேல் வெதுவெதுப்பான துணி, அவ்வளவுதான் வைத்தியம். ஏர்கோன் காற்றை ஒரு அட்டையை ஒட்டித் திருப்பிவிட்டேன். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால், 20 வினாடி பார்க்க வேண்டும் என்பார்களே, எங்கள் கேண்டீன் ஜன்னலில் ஜெரெஜாக் தீவு தெரியும். ஆனால் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை கேண்டீனுக்குப் போனால் வேலை போய்விடும். தேநீர் வேளையில் மட்டும் பார்க்கிறேன்.

செந்தூல் அக்கா:
தம்பிகளா, நான் பயமுறுத்த வரவில்லை. எனக்கு ஒரு நாள் மங்கும், மறுநாள் தெளியும். வீட்டில் இருந்து தட்டச்சு வேலை செய்கிறேன், அதனால்தான் என்று விட்டுவிட்டேன். இரண்டு தடவை கண்ணாடி மாற்றியும் சரிப்படவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்தால் இனிப்புநீர். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்சும் உப்பி வற்றுமாம், கண்ணாடி எப்படி ஒத்துப்போகும்?

விழித்திரையும் பார்க்க வேண்டும் என்று சொட்டு விட்டுக் கண்பாவையை விரித்துப் பார்த்தார்கள். நல்லவேளை, ஒன்றுமில்லை. விழித்திரை கெட ஆரம்பித்தாலும் முதலில் நமக்கு ஒன்றும் தெரியாதாம், அதனால் வருடா வருடம் வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு விஷயம்: அன்றைக்கு நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். நான் மோட்டாரில் போய், வெயில் கண்ணைக் குத்தி, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு எல்ஆர்டி ரயிலில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஜெலுத்தோங் வாசி:
கணக்கர் சார், அந்தத் தனிக் கண்ணாடியை நாள் முழுக்கப் போடலாமா? நான் ஒன்றைத் தொலைத்துவிட்டு இன்னொன்றைத் தேடுகிற ஆள்.

பிரிக்பீல்ட்ஸ் கணக்கர்:
அக்கா, உங்கள் பதிவைப் படித்த கையோடு நானும் சர்க்கரை பார்க்க வெள்ளிக்கிழமைக்கு எழுதிவைத்துவிட்டேன். ஜெலுத்தோங் சார், மேசையை விட்டு எழுந்தால் கழற்றிவிடுங்கள். முதல் வாரம் அதைப் போட்டபடியே மோனோரெயில் ஏறிவிட்டேன். போர்டு மங்கல். இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிலையம் போன பிறகுதான் மூக்கில் என்ன இருக்கிறது என்று தொட்டுப் பார்த்தேன்.