ரோஜாச் செடி வைத்திருப்பவர்கள் வாங்க, உங்க வீட்டுக் கதையைச் சொல்லுங்க

திருவையாறு மருமகள்:
பன்னீர் ரோஜாதான், கொல்லையில் துவைக்கிற கல் பக்கத்தில் நிற்கிறது. இலை ஓரமெல்லாம் சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டம் வட்டமாக அறுந்திருந்தது, புழுவும் இல்லை எச்சமும் இல்லை. மாமியார் கண்ணு பட்டுடுச்சு என்று மிளகாய் சுற்றிப் போட்டார், வீட்டுக்காரர் மருந்து வாங்கி வந்து பம்பில் கலக்கியே விட்டார். அன்று மத்தியானம் பாத்திரம் கழுவப் போனபோது பார்த்தேன், கறுப்பாக ஒரு தேனீ இலை ஓரத்தைக் காலால் கவ்விக்கொண்டு உடம்பைத் திருப்பித் திருப்பி அறுக்கிறது, கடைசி நுனி அறுந்ததும் துண்டோடு சேர்ந்து லேசாகக் கீழே விழுந்து, அப்புறம் எழும்பி, வயிற்றுக்கடியில் அதைச் சுருட்டிப் பிடித்தபடியே ஜன்னல் கட்டையில் இருந்த பழைய ஆணி ஓட்டைக்குள் போய்விட்டது. பம்பை ஓரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் கேட்கிறார், அடிக்கவா வேண்டாமா என்று.

மன்னை:
2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் தென்னை ஒன்று ரோஜா மேலேயே சாய்ந்தது. ஒட்டுச் செடி, மஞ்சள் பூ, அப்பா தஞ்சாவூரில் வாங்கியது. மரத்தை அறுத்து எடுத்தால் முழங்கால் உயரக் குச்சிதான் மிச்சம். அப்புறம் அடியிலிருந்து ஒரு கொம்பு கிளம்பியது பாருங்கள், மளமளவென்று ஆள் உயரம், அப்பா தினமும் அதன் பக்கத்தில் நின்றுதான் டீ குடிப்பார். பூ மட்டும் வரவே இல்லை. தென்னங்கன்று கொண்டு வந்த நர்சரிக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "காட்டுக் கொம்புய்யா இது, காம்புக்கு ஏழு இலை இருக்கு பாருங்க" என்றார், அப்பா வாய் திறக்கும் முன்னே மண்ணை விலக்கி ஒரே இழுப்பில் பிய்த்துவிட்டார். சர்ரென்று பட்டை உரிந்த சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது. பழைய குச்சி பிறகு ஒரு பக்கம் மட்டும் துளிர்த்தது. அந்த ஆள் செய்தது சரியா?

குடந்தை பெரிசு:
மன்னை தம்பி, பிய்த்தது சரி, சொன்ன காரணம்தான் தப்பு. ஏழு இலை என்று எல்லாரும் ஒப்பிக்கிறீர்கள், பன்னீர் ரோஜாவிலேயே ஐந்தும் வரும், ஏழும் வரும். ஒட்டுக்கட்டின முண்டுக்குக் கீழே கிளம்பியதா, மேலே கிளம்பியதா, அதைப் பார்க்க வேண்டும், கீழே என்றால்தான் காட்டுக் கொம்பு. கத்தரித்தால் அதே இடத்தில் மறுபடி கிளம்பும். மருமகளே, அது இலைவெட்டித் தேனீ. இலையைத் தின்னாது, முட்டைக்கு அறை கட்டத்தான் கொண்டு போகிறது, செடிக்கு ஒன்றும் ஆகாது. பம்பைக் கழுவி வைக்கச் சொல்லும்மா.

என் செடி ஐப்பசி மழையில் வேர் அழுகிப் போனது, அவ்வளவுதான் கதை. ஆனால் எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ம களிமண்ணில் குழி வெட்டி ரோஜா வைத்தால் அது தண்ணீர்த் தொட்டி. மேடு கட்டி, மணலும் மக்கின எருவும் தென்னை நார்க்கழிவும் கலந்து, முண்டு மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி வையுங்கள். புரட்டாசி ஐப்பசியில் கவாத்து என்பார்கள், அடைமழைக்கு முன்னால் வெட்டினால் வெட்டுவாயில் ஈரம் இறங்கிக் குச்சி நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும், நான் மார்கழிக் கடைசியில்தான் கத்தியைத் தொடுவேன். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு மேலே சாய்வாக வெட்டணும். கரும்புள்ளி விழுந்த இலையை அடியிலேயே கிடக்க விடாதீர்கள், கூட்டி அள்ளுங்கள். சாயங்காலம் இலை மேலே தண்ணீர் தெளிக்கிற பழக்கத்தையும் விடுங்கள்.

மன்னை:
பெரியவரே, கவாத்து பற்றி இங்கே யாருமே கேட்கவில்லையே.

வேதை:
மேடு எல்லாம் சரி, எங்கள் பக்கம் போர் தண்ணியே உப்பு, அதற்கு என்ன செய்ய? இலை ஓரம் காய்ந்து சுருண்டதும் நோய் என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு வந்த சித்தி செடி அடியில் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "உப்புடா, கருவாடா போடுறே?" என்றார். மழைக்காலம் மண்ணைக் கழுவிவிட்டதும் புதுத் துளிர் சுத்தமாக வந்தது. இப்போது மாடித் தண்ணியை டிரம்மில் பிடித்து ஊற்றுகிறேன், மாசியிலேயே தீர்ந்துவிடுகிறது. கோடையை எப்படி ஓட்டுகிறீர்கள், கடலோரத்தில் ரோஜா வைத்திருக்கிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.