கல்கத்தாவில் டெடி வெதர்ஃபோர்டைத் தேடி

பழைய ஜாஸ் இசைத்தட்டு என்றாலே நியூ ஆர்லியன்ஸ், சிகாகோ, நியூயார்க் என்றுதான் எல்லோரும் ஓடுவார்கள். நான் வேலை நிமித்தமாக கல்கத்தாவில் இருந்தபோது தேடியது அந்த ஊரிலேயே பதிவான தட்டுகளை. டெடி வெதர்ஃபோர்ட் என்ற பியானோக்காரருடையவை.

அவர் யார் என்று தெரியாதவர்களுக்கு: 1926 இல் சிகாகோவில் எர்ஸ்கின் டேட் குழு பதிவு செய்த தட்டில் டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு சேர்ந்து வாசித்தவர். அதே வருடம் ஆசியாவுக்குக் கிளம்பினார், பெரும்பாலும் இந்தப் பக்கமே தங்கிவிட்டார். ஷாங்காய், பம்பாய் தாஜ் ஹோட்டல், கடைசியில் கல்கத்தா கிராண்ட் ஹோட்டல். 1945 இல் காலராவில் கல்கத்தாவிலேயே இறந்தார், நாற்பத்தொரு வயதில். போர்க்காலத்தில் இந்தியக் கொலம்பியா என்ற இசைத்தட்டு லேபிளுக்கு அவரும் அவர் குழுவும் நிறைய வாசித்திருக்கிறார்கள், அதுதான் என்னைப் பிடித்த விஷயம். ஏனென்றால் 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவில் இசைக்கலைஞர் சங்கம் பதிவுகளுக்குத் தடை போட்டிருந்தது, பணத் தகராறு, அங்கத்தியப் பெரிய கம்பெனிகளான கொலம்பியாவும் விக்டரும் 1944 நவம்பர் வரை வழிக்கு வரவில்லை. அங்கே ஸ்டூடியோக்கள் முடங்கிக் கிடந்த காலத்தில் இங்கே கல்கத்தாவில் ஒரு அமெரிக்க ஜாஸ்காரர், பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்களையும் ஆங்கிலோ இந்தியர்களையும் சேர்த்துக்கொண்டு தட்டு போட்டுக்கொண்டிருந்தார். இதை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை.

முதலில் ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட். பழைய இசைத்தட்டுக் கடைகளுக்குப் பேர் போன தெரு. அங்கே எல்.பி. (பிற்கால வினைல் தட்டு) கேட்டால் அடுக்கிக் காட்டுவார்கள், 78 (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டு) கேட்டால் முகம் மாறும். எடை அதிகம், கை தவறினால் உடையும், வாங்க ஆளில்லை. ஒரு கடைக்காரப் பெரியவர் மட்டும் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு குவியலைக் காட்டினார், உறை இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக, அடியில் இருந்தவை எல்லாம் விரிசல். ரவீந்திர சங்கீதம், சினிமாப் பாட்டு, நாடகம், நடுநடுவே வெள்ளைக்கார நடன இசை. டெடி இல்லை. ஆனால் பெரியவர் ஒரு வார்த்தை சொன்னார்: "அந்தத் தட்டெல்லாம் கடைக்கு வராது பாபு. ஹோட்டலில் வாசித்தவர்கள் வீட்டில் கேளுங்கள்."

அப்படித்தான் ஆங்கிலோ இந்தியர்கள் வாழும் பௌ பேரக்ஸ் குடியிருப்புப் பக்கம் ஒரு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டியின் அறிமுகம் கிடைத்தது. அவருடைய சித்தப்பா அந்த நாட்களில் ஹோட்டல் குழுக்களில் டிரம்பெட் வாசித்தவர். முதல் சில தடவை தட்டுப் பேச்சையே எடுக்க விடவில்லை. டீ, கேக், ஆஸ்திரேலியா போன பிள்ளைகளின் கதை, கிறிஸ்துமஸ் டான்ஸ் கதை. நானும் அவசரப்படவில்லை, அந்தக் கதைகளே எனக்குப் புதையலாக இருந்தன. எந்த ஹோட்டலில் யார் வாசித்தார்கள், யார் யாருக்கு பதிலாக ஒரு ராத்திரி வந்து உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் எந்தப் பட்டியலிலும் கிடையாது. அப்புறம் ஒரு நாள் அவராகவே கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுக்கச் சொன்னார்.

உள்ளே பத்து அங்குலத் தட்டுகள், பழைய செய்தித்தாளில் சுற்றியவை. நாலாவதோ ஐந்தாவதோ எடுத்தபோது தட்டின் நடுவே ஒட்டிய லேபிளில் டெடி வெதர்ஃபோர்ட் பெயர். விளிம்பில் ஒரு துண்டு பெயர்ந்திருந்தது, ஆரம்பச் சில நொடிகள் போயிற்று, மீதி பிழைத்திருந்தது. தண்ணீரும் மென்மையான துணியும் மட்டும் வைத்துத் துடைத்தோம். (ஸ்பிரிட்டைத் தொடவே தொடாதீர்கள், தட்டில் இருப்பது அரக்கு, கரைந்துவிடும்.) எல்.பி. ஊசி இந்தப் பள்ளத்துக்கு மிகவும் மெல்லியது, அடியில் போய் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும், அதனால் 78க்கான தடித்த ஊசியோடு ஒரு நண்பர் கருவியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கே வந்தார். கரகரப்புக்கு நடுவே பியானோவில் அந்த இடது கை தாளம் எழுந்தபோது ஆன்ட்டி எழுந்து நின்றுவிட்டார். தட்டைத் தரும்படி நான் கேட்கவில்லை. பதிவு செய்து ஒரு பிரதி அவரிடம், ஒரு பிரதி என்னிடம்.

கம்பெனிகள் பத்திரமாக வைத்திருக்கும் என்று நம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன், ஆரம்பகால ஜாஸ் பெரும்பாலும் பிழைத்தது வீடுகளில்தான். கிங் ஆலிவர் குழு, ஆம்ஸ்ட்ராங் உட்பட, 1923 இல் ஜெனட் கம்பெனிக்கு வாசித்த தட்டுகளில் 5275 என்ற எண்ணுள்ளது ஒரே ஒரு பிரதியாகத்தான் கிடைத்திருக்கிறது. அது உடைந்திருந்தால் அதன் இரு பக்கத்து இரண்டு பாட்டும் இல்லை. விஸ்கான்சினில் ஒரு நாற்காலிக் கம்பெனி நடத்திய பாரமவுண்ட் லேபிளின் கதை இன்னும் மோசம், தட்டு அச்சடிக்கும் உலோக அச்சுகள் பழைய இரும்பு விலைக்குப் போயின, ஊழியர்கள் தட்டுகளை ஆற்றில் வீசினார்கள் என்ற பேச்சை நம்பி 2006 இல் மில்வாக்கி ஆற்றில் ஆளை இறக்கித் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. போரில் அரக்குத் தட்டுப்பாடு வந்தபோது பழைய தட்டுகளை வாங்கி அரைத்து மறுபடி தட்டாக்கினார்கள், அதில் என்னென்ன போயிற்றோ. ஜாஸின் முன்னோடி என்று சொல்லப்படும் நியூ ஆர்லியன்ஸ்காரர் பட்டி போல்டன் வாசித்துப் பதிவானதாகச் சொல்லப்படும் உருளை (தட்டுக்கு முந்தைய பதிவு வடிவம்) இன்று வரை யார் கண்ணிலும் படவில்லை.

மறுபக்கம், ஒலிப்பதிவுப் பொறியாளர் பில் சேவரி 1930களில் வானொலியிலிருந்து பதிவு செய்து வைத்திருந்த தட்டுகளைப் பாருங்கள். ஜாஸ் கலைஞர் லோரன் ஷோன்பெர்க் அவரிடம் வருடக்கணக்காகக் கேட்டும் காட்டவில்லை, 2004 இல் சேவரி இறந்த பிறகு மகனைத் தேடிப் பிடித்து, 2010 இல் நியூயார்க்கின் ஹார்லெம் ஜாஸ் அருங்காட்சியகத்துக்கு வந்தது, தொள்ளாயிரத்துக்கும் மேல். அதுவும் ஒரு குடும்பம் தூக்கிப் போடாததால் கிடைத்ததுதான்.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ இந்தியக் கொலம்பியா நடன இசைத் தட்டு இருந்தால், பெயர் தெரியாத குழுவாக இருந்தாலும் பரவாயில்லை, லேபிளைப் படம் எடுங்கள். லேபிளுக்குப் பக்கத்து வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் சாய்வான வெளிச்சத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரே பாட்டின் வேறு வாசிப்பு என்றால் அந்த எண்ணில்தான் தெரியும். தட்டை விற்கவோ அனுப்பவோ வேண்டாம். எண்ணும், அது யாருடைய தட்டு, எப்படி வீட்டுக்கு வந்தது என்ற விவரமும் போதும், நான் வைத்திருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பதில் எழுதுகிறேன்.