காற்றூட்டக் குட்டையில் 'ஷார்ட் சர்க்யூட்டிங்': முந்தோட்டம் எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

கழிவுநீர்க் காற்றூட்டக் குட்டைகளுக்கான (காற்றைச் செலுத்திக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் குட்டைகள்) பழுதறியும் கையேட்டில், நீர் தங்க வேண்டிய நேரம் தங்காமல் சீக்கிரமே வெளியேறிவிடுவதைக் குறிக்கும் 'ஷார்ட் சர்க்யூட்டிங்' என்ற இந்த ஒரு சொல்லுக்குத் தமிழ் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. குறுக்குச் சுற்று, குறுக்கோட்டம், குறுவழிப் பாய்வு என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான்காவதாக நான் ஒன்று சொல்கிறேன். அதற்கு முன் குட்டையில் நடப்பதைப் பார்த்துவிடுவோம்.

கொள்ளளவு 10,000 கன மீட்டர், நாளுக்கு வரத்து 1,000 கன மீட்டர் என்றால் கணக்குப்படி தண்ணீர் பத்து நாள் தங்க வேண்டும். ஆனால் நுழைவாயும் வெளிவாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலோ, அடிச்சேறு மேடுகட்டியிருந்தாலோ, ஒரு பக்கத்து ஏரேட்டர் (காற்றூட்டும் கருவி) நின்றுபோனாலோ, வந்த நீரில் பெரும்பகுதி நான்கே நாளில் வெளியேறிவிடலாம். மிச்ச இடத்தில் பழைய நீர் அப்படியே கிடக்கும். பகுதிக் கலக்கக் குட்டைக்கு (சேறு முழுதும் கலங்காமல் அடியில் படிகிற குட்டை) 20 டிகிரி செல்சியஸில் வழக்கமாக எடுக்கும் வினைமாறிலி, அதாவது கழிவு சிதையும் வேகத்தைக் குறிக்கும் எண், நாளுக்கு 0.276. அதை வைத்துப் போட்டால், பத்து நாள் தங்கிய நீரில் ஏறத்தாழ 27 சதவீத பிஓடி (நீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) மிஞ்சும். நான்கு நாள் மட்டும் தங்கினால் 48 சதவீதம்.

இத்தனைக்கும் ஆக்சிஜன் மீட்டர் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று சரியாகவே காட்டும். பிஓடி ஏறியதைப் பார்த்ததும் இன்னொரு ஏரேட்டர் வாங்கிப் போடுகிறார்கள். கரண்ட் பில் ஏறுகிறது, பிஓடி இறங்குவதில்லை. நீருக்கு அங்கே காற்று போதுமான அளவு கிடைக்கிறது, நேரம்தான் கிடைக்கவில்லை. ஆகவே நாம் வைக்கும் சொல்லில் அந்த நேரக்குறை தெரிய வேண்டும் என்பது என் கட்சி.

> மின்துறையில் குறுக்குச் சுற்று இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாம்.

ப்ளோயரும் மோட்டாரும் ஓடுகிற இடம் அது. 'இரண்டாம் குட்டையில் குறுக்குச் சுற்று' என்று ஷிப்ட் பதிவேட்டில் எழுதினால் அடுத்த ஷிப்ட்காரர் எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடுவார். வேண்டாம்.

> குறுக்கோட்டம் எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் சவ்வு வடிகட்டலில் குறுக்குப் பாய்வு என்று வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது. ஒரே நிலையத்தில் இரண்டும் இருந்தால் குழப்பம்.

குறுவழிப் பாய்வு மூன்றில் நல்லது. ஆனாலும் அது வழியின் நீளத்தைத்தான் சொல்கிறது. காற்று தள்ளி, கரையை ஒட்டிச் சுற்றிப் போகிற நீரும் சீக்கிரம் வெளியேறலாம். குளிர்நாளில் வெதுவெதுப்பான வரத்து நீர் குளிர்ந்த நீரின் மேல் பரவி வெளிவாய்க்குப் போவதும் உண்டு. இவற்றில் வழி குறுகியதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

என் பரிந்துரை: முந்தோட்டம். தங்குகாலம் முடியுமுன் நீர் முந்தி ஓடுவது. 'தண்ணி முந்திப் போகுது' என்று வாயால் சொல்லவும் வரும். முந்தோட்டச் சோதனை, முந்தோட்டத் தடுப்புத் திரை என்று நீட்டலாம். கையேட்டில் இப்படி வரும்:

'முந்தோட்டம் உண்டா என்று அறிய நுழைவாயில் ரோடமின் சாயம் விடவும். வெளிவாயில் அடுத்தடுத்து மாதிரி எடுத்து, சாயம் வெளியேறும் சராசரி நேரத்தைக் கணக்குத் தங்குகாலத்தோடு ஒப்பிடவும். சேற்றின் உயரத்தைப் பல இடங்களில் அளக்கவும்.'

'சராசரி' என்ற சொல்லை அதிலிருந்து யாரும் எடுத்துவிட வேண்டாம். நன்றாகக் கலக்கும் குட்டையில் சாயத்தின் ஒரு பங்கு எப்போதுமே சீக்கிரம் வெளிவரும். அதை மட்டும் பார்த்து முந்தோட்டம் என்று முடிவுகட்டக் கூடாது.

பிஓடி ஏறினாலே முந்தோட்டம் என்றும் ஆகிவிடக் கூடாது. வெயில் ஏறியதும் அடிச்சேறு அழுகி, கரைந்த பிஓடியை மேலே விடுவது வேறு. பிஓடி அளக்கும் சோதனைப் புட்டிக்குள்ளேயே அமோனியா நைட்ரேட்டாக மாறி ஆக்சிஜனைத் தின்பது இன்னும் வேறு. ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் போகும் என்பதால் அளவு நன்றாகவே ஏறிக் காட்டும். இரண்டுக்கும் தனிப் பெயர் வைப்போம்.

அப்புறம், இதன் இணைச்சொல்லான 'டெட் ஸோன்', அதாவது பழைய நீர் நகராமல் கிடக்கும் இடம். தேக்கமூலை என்று ஒருவர் எழுதியிருந்தார். நடுக்குட்டையிலும் அது வரும் என்பதால் நான் இப்போதைக்குத் 'தேங்கிடம்' என்று வைத்திருக்கிறேன். நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.