3 அடி கடல் தொட்டிக்கு ஸ்கிம்மர் கட்டாயமா?

உப்புத்தண்ணி:

எல்லோருக்கும் வணக்கம். நன்னீர் மீன் ஆறு வருடமாக வளர்க்கிறேன். கடல் தொட்டி இதுதான் முதல் முறை. 3 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. தண்ணீர் சுமார் 170 லிட்டர் பிடிக்கும். ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு கோபி மீன், ஒரு க்ளீனர் இறால், மஷ்ரூம், ஜோவாந்தஸ் என்று கொஞ்சம் மென்பவள வகைகள். இதற்கு மேல் ஆசை இல்லை (இப்போதைக்கு). ஸ்கிம்மர் என்பது தண்ணீர் அழுக்கை நுரையாக்கி வெளியே எடுக்கும் கருவி என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும்.

கொளத்தூரில் ஒரு கடைக்காரர், “ஸ்கிம்மர் இல்லாமல் கடல் தொட்டி வைப்பதும் கக்கூஸ் இல்லாமல் வீடு கட்டுவதும் ஒன்று” என்கிறார். விலை 16,000 ரூபாய். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவர் இரண்டு வருடமாக ஸ்கிம்மரே இல்லாமல் வைத்திருக்கிறார், தொட்டி பளிச்சென்று இருக்கிறது. தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லருக்கே வீட்டில் கரண்ட் பில்லைக் காட்டித் திட்டுகிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

ரீஃப்பைத்தியம்:

கட்டாயம் வேண்டும். இன்றைக்குக் காசை மிச்சம் பிடித்தால் நாளைக்குப் பாசியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

கோவை செவ்வந்தி:

தம்பி, கடைக்காரர் சொன்னது பாதி சரி. பக்கத்துத் தெருக்காரர் செய்வதும் பாதி சரி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், காபி போட்டுக்கொண்டு வா.

நான் கல்லூரி வேதியியல் லேபில் வேலை பார்க்கிறேன். வீட்டில் 240 லிட்டர் தொட்டி, இது ஒன்பதாவது வருடம். நடுவில் ஸ்கிம்மர் மோட்டார் செத்துப்போய், பாகம் கிடைக்காமல், அப்புறம் சோம்பலில், 14 மாதம் அது இல்லாமலே ஓட்டினேன். அதனால் இரண்டு பக்கமும் பார்த்தவள்.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். 2019 கடைசியில் மெரினா கரையில் பனி பெய்த மாதிரி வெள்ளை நுரை ஒதுங்கியதே, பிள்ளைகள் அதில் விளையாடி டிவியில்கூட வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மழைத்தண்ணீரோடு கடலுக்குப் போன சாக்கடையும் சோப்புத்தண்ணீரும் அலையில் அடிபட்டு நுரைத்தது அது. ஸ்கிம்மர் அதையே ஒரு குழாய்க்குள் வேண்டுமென்றே செய்கிறது. மீன் கழிவிலும் தின்னாமல் விட்ட தீனியிலும் இருக்கும் புரதம் போன்ற பொருட்களுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை தண்ணீரை விட்டு விலகும். பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ் விட்டால் அதெல்லாம் குமிழின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். நுரை மேலே ஏறிக் கப்பில் வழியும். உப்புத்தண்ணீரில் குமிழ்கள் ஒன்றோடொன்று சேராமல் பொடியாகவே நிற்கும். நன்னீரில் சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும். உன் பழைய தொட்டியில் இதைப் பார்க்காததற்குக் காரணம் அதுதான்.

இப்போது அது என்ன செய்யாது என்பதையும் கேள். கழிவு அழுகி அம்மோனியாவாகி, கடைசியில் நைட்ரேட் ஆகும். ஏற்கெனவே உருவாகிவிட்ட நைட்ரேட்டை ஸ்கிம்மர் தொடவே தொடாது. கழிவு அழுகி அம்மோனியா ஆவதற்கு முன்னால் கொஞ்சத்தை வெளியே எடுக்கும், அவ்வளவுதான். கொஞ்சம் என்றால் எவ்வளவு? அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் இதை அளந்தே பார்த்தார். அவர் சோதித்த ஸ்கிம்மர்கள் தண்ணீரில் இருந்த கரிமப் பொருளில் 20 முதல் 30 சதவீதத்தைத்தான் எடுத்தன. விலை கூடியதற்கும் குறைந்ததற்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. கப்பில் கறுப்பாக நாறுவதைப் பார்த்துவிட்டு எல்லா அழுக்கும் வந்துவிட்டது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

ஸ்கிம்மர் இல்லாத தொட்டியும் புதிது இல்லை. இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர் பாக்டீரியா குடியிருக்கும் கடல் கல்லும் காற்றுக் குமிழும் மட்டும் வைத்துத் தொட்டி நடத்தி, 1961-லேயே அதை எழுதியும் இருக்கிறார். கல்லோடு பலமான ஸ்கிம்மர் சேர்ந்த முறை ஜெர்மனியிலிருந்து வந்தது, அதனால்தான் அதற்கு பெர்லின் முறை என்று பெயர்.

என் 14 மாதக் கதைக்கு வருகிறேன். எட்டு மீன், இரண்டு வேளை தீனி. ஸ்கிம்மர் இருந்தபோது நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமை ஒட்டி நிற்கும். அது போன மூன்றாவது மாதம் 40. கணக்கு எளிது. 20 சதவீதம் தண்ணீர் மாற்றினால் 40 என்பது 32 ஆகும், அதற்கு மேல் ஒரு புள்ளி குறையாது. வாராவாரம் 60 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து, உப்புக் கலக்கி, பக்கெட் தூக்கி, இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மூன்று மீனை ஒரு தோழிக்குக் கொடுத்து, தீனியை ஒரு வேளை ஆக்கிய பிறகு 15-க்கு இறங்கியது. பவளங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. லெதர் பவளம் முன்பைவிட நன்றாகவே விரிந்தது.

அப்படியென்றால் ஏன் திரும்ப வாங்கினேன்? அழுக்குக்காக இல்லை, காற்றுக்காக. மே மாதம் ஹாலை அடைத்து ஏசி போட்டு நாலு பேர் படுத்தோம். எங்கள் மூச்சில் இருக்கும் கரியமில வாயு போகும் இடம் தொட்டித் தண்ணீர்தான். காலையில் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 7.7, கடல் தொட்டிக்கு அது குறைவு. தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மாதிரி ஒன்று, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் எப்போதுமே குறைவு, ராத்திரி விளக்கை அணைத்தால் பாசியும் பவளமும்கூட அதைத்தான் எடுக்கும். ஸ்கிம்மர் நாள் முழுக்கத் தண்ணீரையும் காற்றையும் கலக்கிக்கொண்டே இருக்கும். அதன் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே விட்டேன். ஒரு வாரத்தில் காலை பிஎச் 8.0-க்கு வந்துவிட்டது.

குழாயை வெளியே விட இன்னொரு காரணமும் உண்டு. பழைய ஸ்கிம்மர் இருந்த காலத்தில், ஒரு மழைக்காலத்தில் அம்மா தொட்டிக்குப் பக்கத்திலேயே கொசுவர்த்தி ஏற்றி வைத்தார். விடிந்ததும் இரண்டு இறாலும் போய்விட்டன. அதில் இருக்கும் பூச்சி மருந்து இறால், நண்டு வகைக்கு விஷம். நம் மூக்குக்குத் தெரியாத அளவையும் ஸ்கிம்மர் இழுத்துத் தண்ணீரில் கலந்துவிடும். வடை சுட்டாலும் இரண்டு மணி நேரம் நுரை படுத்துவிடும், அதில் உயிர் ஒன்றும் போகாது.

உனக்கு என் யோசனை: இரண்டு க்ளவுனும் ஒரு கோபியும்தான் என்று உறுதியாக இருந்தால் இப்போது வாங்காதே. வாரம் 20 லிட்டர் மாற்று. மேல்மட்டத் தண்ணீர் வழிந்து சம்புக்கு (கீழே வைக்கும் வடிகட்டும் தொட்டி) போகிற மாதிரி ஓவர்ஃப்ளோ கட்டாயம் வை. சம்ப் செய்யும்போது ஸ்கிம்மருக்கு ஓர் அறையை விட்டுவை. ஒழுங்காக மாற்றியும் நைட்ரேட் 25-ஐத் தாண்டினாலோ, “இன்னும் ஒரு டேங் மீன் மட்டும்” என்று ஆரம்பித்தாலோ, வாங்கிவிடு. கரண்டைப் பற்றிப் பயப்படாதே. 15 வாட் மோட்டார் மாதம் முழுக்க ஓடினாலும் 11 யூனிட்டுக்குள்தான்.

பாம்பன்காரன்:

அக்கா சொன்னதோடு ஒன்று. ஸ்கிம்மர் இல்லாவிட்டால் வேலை செய்வது கல்லில் இருக்கும் பாக்டீரியாதான், அதனால் கல் தேடி அலைவீர்கள். எங்கள் பக்கத்தில் “கடல் கல்” கிலோ கணக்கில் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்கிவிடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் தேசியப் பூங்கா. கல் பவளம் 2001-லேயே வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போய்விட்டது. செத்த பவளமும் கேஸ்தான். செராமிக் கல் வாங்கி, பாக்டீரியா விட்டு, மீன் இல்லாமல் ஆறு வாரம் ஓட விடுங்கள். க்ளவுனும் பண்ணையில் பொரித்ததாகக் கேளுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையமே அதைப் பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறது.

பின்னால் ஸ்கிம்மர் வாங்கினால் முதல் இரண்டு வாரம் கன்னாபின்னாவென்று பொங்கும், பயப்படாதீர்கள். கரண்ட் போய் வந்தாலும் அப்படித்தான். மேலே இருக்கும் தண்ணீர் சம்புக்கு இறங்கியிருக்கும், மட்டம் ஏறிய நிலையில் ஸ்கிம்மர் ஓடத் தொடங்கிக் கப் நிரம்பி வழியும். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து நான் ஹாலைத் துடைத்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

உப்புத்தண்ணி:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. நேற்று பக்கத்துத் தெருக்காரரிடம் போய்க் கேட்டேன். இரண்டே மீன், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தீனி, ஞாயிறு காலை தவறாமல் ஒரு பக்கெட் தண்ணீர் மாற்றுகிறார். அவர் வீட்டு ஹாலில் ஏசி கிடையாது, மூன்று ஜன்னலும் திறந்தே இருக்கின்றன. எங்கள் ஹாலில் ராத்திரி ஐந்து பேர் ஏசி போட்டுப் படுக்கிறோம்! முதலில் பிஎச் கிட் வாங்கிக் காலையில் அளக்கப் போகிறேன். சம்பில் ஓர் அறை காலியாக விடச் சொல்லியாயிற்று. கொசுவர்த்தி விஷயத்தை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கோவை செவ்வந்தி:

அதை முதலில் சொல். கொசுவலை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்.