முன்பணம் கட்டிய பிறகு கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

நிலாவாசல்: பழைய வீடு ஒன்று பேசி முடிக்கப் போகிறோம். விலையை 100 என்று வைத்தால் எங்களிடம் இருப்பது 28, வங்கி 80 சதவீதம் தரும். இருக்கிற 28-ஐயும் முன்பணமாகப் போட்டுக் கடனைக் குறைக்கலாம் என்கிறார் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது.

கணக்குநோட்டு: அவர் சொல்வதுதான் சரி சகோதரி. 9 சதவீத வட்டிக்கு 20 வருடக் கடன் என்றால், வாங்கிய ஒவ்வொரு 100-க்கும் கடைசியில் கட்டி முடிப்பது ஏறக்குறைய 216. இன்று 8 குறைத்து வாங்கினால் பின்னால் 17 மிச்சம். அதை விட்டுவிட்டுப் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் தூங்க வைப்பானேன்?

பழையசாவி: இந்தக் கணக்கை நம்பித்தான் நான் மாட்டிக்கொண்டேன். வங்கி நீங்கள் பேசிய விலைக்குக் கடன் தராது, அவர்கள் மதிப்பீட்டாளர் போடும் தொகை குறைவாக இருந்தால் அதற்குத்தான் தரும். 92 என்று மதிப்பிட்டால் 80 சதவீதம் 73.6 ஆகிறது, மீதி 26.4 நீங்கள் போட வேண்டும், கையில் நிற்பது 1.6. பத்திரப்பதிவு, முத்திரைத்தாள், வக்கீல், வங்கியின் பரிசீலனைக் கட்டணம் எல்லாம் அதற்குப் பிறகுதான் வரிசையில் நிற்கும். நான் அந்த இடத்தில் தனிநபர் கடன் வாங்கினேன், வீட்டுக் கடனைவிட அதிக வட்டிக்கு. பதிவு முடிந்த சாயங்காலம் கதவைத் திறந்தால் கூரையில் வயர்தான் தொங்கியது, விற்றவர் விளக்கையெல்லாம் கழற்றிக்கொண்டு போயிருந்தார். குளியலறைச் சுவரில் அலமாரி மறைத்திருந்த இடம் முழுக்க ஈரம், விரலால் தொட்டால் சுண்ணாம்பு உதிர்ந்தது. அதைச் சரிசெய்யக் கையில் ஒன்றும் இல்லை.

கணக்குநோட்டு: வருத்தமாக இருக்கிறது. ஆனால் செலவுகளை முதலிலேயே எழுதாததுதான் அங்கே தப்பு, முன்பணம் அதிகம் போட்டது அல்ல. பதிவுச் செலவு, மராமத்து, வாடகையும் தவணையும் சேர்ந்து ஓடும் அந்த இரண்டு மூன்று மாதம், இவற்றை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மொத்தமாகப் போடுங்கள் என்கிறேன். கையில் கிடக்கும் பணம் சோபாவாகவும் திரைச்சீலையாகவும் மாறுவதை நான் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்!

பழையசாவி: சரி, சோபா வாங்கட்டும். ஆறு மாதத் தவணையைத் தொடாமல் வைத்துவிட்டு வாங்கட்டும். வேலை போனால் தவணை நிற்காது, சுவருக்குள் போட்ட பணத்தை அவசரத்துக்கு வெளியே எடுக்கவும் முடியாது. ஆறு மாதம் கழித்து வீடு பழகிய பிறகு மிச்சத்தை அசலில் கட்டினால் போயிற்று, நடுவில் ஓடிய வட்டி சொற்பம். பகுதி அசல் கட்டினால் அபராதம் உண்டா என்று வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்குநோட்டு: அபராதம் இல்லையென்றால் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்தத் தேதியை இப்போதே குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் அந்த ஆறாவது மாதம் வரவே வராது. வீட்டு மதிப்பில் கடனின் சதவீதம் குறைந்தால் சில வங்கிகள் வட்டியிலும் குறைக்கும், அதையும் கேளுங்கள்.

நிலாவாசல்: விற்பவருக்கு அட்வான்ஸ் நாளைக்குக் கொடுப்பதாக இருந்தது. மதிப்பீடு வரும்வரை தள்ளிப்போடச் சொல்கிறேன்.

பழையசாவி: தள்ள முடியாவிட்டால், கடன் போதாமல் போனால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். என்னுடையதில் அந்த வரி இல்லை, அதனால்தான் பின்வாங்க முடியவில்லை.