யூரோ எங்கே வாங்கினால் கட்டுப்படியாகும்? கடலூரிலிருந்து பாரிஸ், ஜெனீவா

மஞ்சக்குப்பம்வாசி:
வணக்கம். மே மாதம் குடும்பத்தோடு மூன்று பேர் 14 நாள் போகிறோம். 12 நாள் பாரிஸ் பக்கம் சித்தப்பா வீட்டில், கடைசி 2 நாள் ஜெனீவா. கைச்செலவுக்கு 1,500 யூரோ என்று கணக்கு. விசாவுக்கு இன்னும் போடவில்லை. யூரோவைப் பாண்டியில் வாங்குவதா, கிளம்பும் அன்று சென்னை ஏர்போர்ட்டில் வாங்கிக்கொள்ளலாமா? நோட்டு எவ்வளவு, கார்டு எவ்வளவு? இன்னொன்று. ஏப்ரலில் லீவுக்கு ஊருக்கு வரும் சித்தப்பா, "கடைக்காரனுக்கு எதுக்குக் கமிஷன் அழுவுற, நான் யூரோ கொண்டாறேன், இங்க ரூபாயா குடுத்துடு" என்கிறார். கூகுள் காட்டும் ரேட்டுக்கே தருவாராம். செய்யலாமா?

வில்லியனூரான்:
கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம் சார். பிரான்சில் சொந்தபந்தம் இருக்கும் குடும்பங்கள் பாண்டியில் ஏராளம், அதனால் இந்தக் கைமாற்று சகஜம்போலத் தெரியும். ஆனால் ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி, இங்கே வசிப்பவர் ரூபாய் கொடுத்து வெளிநாட்டுப் பணம் வாங்குவதென்றால் ரிசர்வ் வங்கி அங்கீகாரம் பெற்ற வங்கியிடமோ மணி சேஞ்சரிடமோதான் வாங்க வேண்டும். சொந்தச் சித்தப்பாவுக்கும் விலக்கு கிடையாது. வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வரும்போது அன்பளிப்பாகக் கொடுத்தால் 2,000 டாலர் மதிப்புவரை நோட்டாக வைத்துக்கொள்ளலாம். அன்பளிப்பு என்றால் பதிலுக்கு ரூபாய் கைமாறக் கூடாது.

விசா கைக்கு வரும் முன் ஒரு யூரோகூட வாங்காதீர்கள். சித்தப்பா தன் ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகம்) எடுத்து அனுப்பும் அத்தெஸ்தாசியோன் (உங்களைத் தன் வீட்டில் தங்கவைப்பதற்கான சான்று) இருந்தால், ஒருவருக்கு நாளுக்கு 32.50 யூரோ கணக்கில் பணவசதி காட்டச் சொல்வார்கள். மூன்று பேருக்கு 12 நாளுக்கு 1,170 யூரோ. அதை வங்கி ஸ்டேட்மென்ட்டில் காட்டினால் போதும், நோட்டாக வாங்கிக் காட்டத் தேவையில்லை. விசா மறுக்கப்பட்டால் அதே கடையில் குறைந்த விலைக்குத் திருப்பி விற்கும்போது வீண் நஷ்டம். பயணத்துக்கு 60 நாளுக்குள்தான் வாங்கவும் முடியும்.

எங்கே என்றால், ஏர்போர்ட் கவுன்டர் கடைசிப் புகலிடம். அங்கே ரேட் எப்போதும் உயரம். கடலூரில் எல்லா வங்கிக் கிளையிலும் யூரோ நோட்டு இருப்பு இருக்காது. சொல்லிவைத்தால் ஓரிரு நாளில் வரவழைப்பார்கள், ஆகவே முன்கூட்டியே போன் செய்யுங்கள். பாண்டியில் நேரு வீதி, மிஷன் வீதிப் பக்கம் மணி சேஞ்சர்களிடம் விசாரிக்கலாம். ஒன்று கவனியுங்கள்: ஓட்டல், டிராவல்ஸ் வாசலில் தொங்கும் பணமாற்றுப் பலகைகளில் சில, வெறும் ஃபிரான்சைஸி. அவர்கள் சுற்றுலாப் பயணியிடம் யூரோ வாங்கி ரூபாய் கொடுக்கலாமே தவிர உங்களுக்கு யூரோ விற்கக் கூடாது. விற்கிறேன் என்று சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ரிசர்வ் வங்கி உரிமம் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மஞ்சக்குப்பம்வாசி:
நன்றி சார், சித்தப்பாவிடம் சொல்லிவிடுகிறேன். இன்று போனில் இரண்டு கடையில் கேட்டேன். கூகுள் 100 ரூபாய் காட்டிய நேரத்தில் ஒருவர் 101.20, வேறு சார்ஜ் இல்லை என்றார். இன்னொருவர் 100.80, ஆனால் 500 ரூபாய் சர்வீஸ் சார்ஜ். 1,500 யூரோவுக்கு இரண்டாவது கடைதானே லாபம்?

நோட்டும்கணக்கும்:
ரேட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "1,500 யூரோ என் கையில் வர மொத்தம் எவ்வளவு ரூபாய் கட்ட வேண்டும்" என்று ஒரே கேள்வி கேளுங்கள்.

முதல் கடை: 1,51,800. இதன்மேல் ஜிஎஸ்டி. நாணயமாற்றில் ஜிஎஸ்டி முழுத் தொகைக்குக் கிடையாது. முதல் 1 லட்சத்துக்கு 1 சதவீதம், அதற்கு மேல் 10 லட்சம்வரை அரை சதவீதம் என்று ஒரு மதிப்பு போட்டு, அந்த மதிப்பில் 18 சதவீதம். இங்கே 1,000 + 259 = 1,259, அதில் 18 சதவீதம் 227. ஆக 1,52,027.
இரண்டாவது கடை: 1,51,200, ஜிஎஸ்டி 226, சார்ஜ் 500, அந்தச் சார்ஜுக்குத் தனி ஜிஎஸ்டி 90. ஆக 1,52,016.

வித்தியாசம் 11 ரூபாய்தான். இரண்டுமே கூகுள் ரேட்டைவிட 1.35 சதவீதம்தான் கூடுதல், நோட்டுக்கு இது நல்ல விலை. உங்களுக்கு எது பக்கமோ அங்கே வாங்குங்கள். ஆனால் 300 யூரோ மட்டும் வாங்கினால் அதே 500 ரூபாய் சார்ஜ் ஜிஎஸ்டியோடு சேர்ந்து யூரோவுக்கு ஏறக்குறைய இரண்டு ரூபாய் ஏற்றிவிடும், அப்போது முதல் கடைதான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஸ்டேட் பேங்க் தினமும் வெளியிடும் ரேட் பட்டியலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் செல்லிங் என்பது வங்கி விற்கும் விலை, அதாவது நீங்கள் கொடுக்கும் விலை. பலர் தலைகீழாகப் படிக்கிறார்கள். டிராவல் கார்டுக்கு (முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு) ஒரு விலை, கரன்சி நோட்டுக்கு வேறு விலை போட்டிருக்கும். நோட்டை வரவழைத்து, இன்ஷூர் செய்து, பெட்டியில் சும்மா பூட்டி வைக்கும் செலவு இருப்பதால் நோட்டு விலை கூடுதல். சனி, ஞாயிறில் சந்தை மூடியிருக்கும். திங்களன்று ரேட் ஏறினாலும் கையைக் கடிக்காதபடி சற்றே ஏற்றித்தான் சொல்வார்கள். வார நாளில் காலை ரேட் வந்தபின் போங்கள்.

பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு கொண்டுபோங்கள், வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கான ஏ2 படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கட்ட முடியாது, உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள். டிசிஎஸ் (வெளிநாட்டுப் பணம் விற்கும்போதே பிடிக்கும் வரி) பற்றிக் கவலை வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் தாண்டினால்தான் அது.

பாகூர்ஏரி:
நோட்டு, கார்டு பிரிப்புக்கு என் கருத்து: 400 யூரோ நோட்டு, மீதி கார்டு. பிரான்சில் பேக்கரியில்கூட கார்டு தட்டிவிடலாம், 50 யூரோவரை பின் நம்பரும் கேட்காது. வாரச்சந்தைக்கும் சில்லறைச் செலவுக்கும்தான் நோட்டு.

கார்டில் இரண்டு வகை. யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு என்றால் ஏற்றிய அன்றைய ரேட் பூட்டிக்கொள்ளும். சாதாரண டெபிட், கிரெடிட் கார்டில் பல வங்கிகள் 3.5 சதவீதம் மார்க்அப் (ரேட்டுக்கு மேல் கூடுதல் கட்டணம்) போடும், அதற்கு ஜிஎஸ்டி சேர்த்தால் 4.13. நாற்பதாயிரம் ரூபாய்ச் சாமானுக்கு 1,652 ரூபாய் தண்டம். மார்க்அப் இல்லாத கார்டு உங்களிடம் இருந்தால் அதுவே எல்லாவற்றிலும் மலிவு, கடையில் தேய்க்க மட்டும். கிரெடிட் கார்டில் ஏடிஎம்மில் பணம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

மிஷினில் பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுதான்: கார்டைச் செருகியதும் "ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவிலா" என்று திரையில் வரும். நம்ம ரூபாய் பளிச்சென்று தெரிவதால் மனசு அதில் போகும். எப்போதும் யூரோவையே அழுத்துங்கள். ரூபாயைத் தொட்டால் அந்தக் கடையின் வங்கி தன் இஷ்டத்துக்கு ரேட் போடும், உங்கள் வங்கியும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் எடுக்கக்கூடும். கடைக்காரர் கேட்காமலே அழுத்திவிடுவதும் உண்டு. சீட்டில் ரூபாய் என்று அடித்திருந்தால் அங்கேயே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். ஏடிஎம்மும் வங்கிச் சுவரில் இருப்பதையே தேடுங்கள். சுற்றுலா இடத்தில் தனியாக நிற்கும் தனியார் மிஷினில் கட்டணமும் அதிகம், இந்த ரூபாய்க் கேள்வியும் விடாமல் வரும்.

ஜெனீவாவில் யூரோ கிடையாது, சுவிஸ் பிராங்க். யூரோ மட்டும் ஏற்றிய கார்டை அங்கே தேய்த்தால் நாணயம் மாற்றும் கட்டணம் தனியாக விழும், பெரும்பாலும் 3.5 சதவீதத்தை ஒட்டி. இரண்டு நாளுக்குத் தேவையான பிராங்கை அதே கார்டில் தனி வாலட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். கடையில் யூரோ நோட்டை வாங்கிக்கொள்வார்கள், மீதியைப் பிராங்கில் தருவார்கள், அந்த ரேட் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

கிளம்பும் முன் வங்கி ஆப்பில் சர்வதேசப் பயன்பாட்டைத் திறந்து, கடைக்கும் ஏடிஎம்முக்கும் தனித்தனி வரம்பு வையுங்கள். ஓடிபி வர உங்கள் இந்திய சிம்மில் ரோமிங் இருக்கட்டும்.

வில்லியனூரான்:
பாகூர்ஏரி சொன்னதோடு ஒன்று. நோட்டு வாங்கும்போது 20, 50 யூரோவாகக் கேளுங்கள். 200ஐப் பல கடைகள் தொடவே மாட்டார்கள். 500 யூரோ நோட்டு 2019க்குப் பிறகு புதிதாக வெளியிடப்படுவதே இல்லை, தந்தால் மறுத்துவிடுங்கள். கவுன்டரை விட்டு நகரும் முன் எண்ணுங்கள், பேனாக் கிறுக்கல், டேப் ஒட்டிய நோட்டு இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பில் கட்டாயம், பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

மஞ்சக்குப்பம்வாசி:
திரும்பி வரும்போது மிச்சம் இருந்தால்?

நோட்டும்கணக்கும்:
2,000 டாலர் மதிப்புவரை நோட்டை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருப்பதை 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். கார்டில் மிச்சத்தை மறந்து விட்டுவிடாதீர்கள், சில கார்டுகளில் பயன்படுத்தாமல் விட்டால் கட்டணம் பிடிப்பார்கள். சில்லறைக் காசைப் பொதுவாக இங்கே எந்தக் கடையும் வாங்காது. பிராங்க் சில்லறையை ஜெனீவாவிலேயே, ஏர்போர்ட்டில் தண்ணீர் பாட்டிலுக்காவது கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.